பாவிச்ச சாமானில் ஒரு விளையாட்டுக் கொம்பியூட்டர்

வைத்தியரிடம் போகிறவன் தனக்கு என்ன வருத்தம் என்று முதலில் சொல்லுவான். ரேடியோக் கடைக்கு வருகிறவன் தான் அதைக் கழற்றிப் பார்க்கவில்லை என்றுதான் முதலில் சொல்லுவான். சொல்லிவிட்டு, திரும்பப் பூட்டும்போது மிஞ்சிப்போன ஆணிகளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைப்பான். அந்த ஆணிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட அன்பர்கள் எங்கே இருந்தாலும், இதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், கோபமில்லை.

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் எனக்குக் கடை. ரேடியோ, ரீவி, வீடியோ டெக் எல்லாம் திருத்துவோம். ‘திருத்துவோம்’ என்று பன்மையில் சொல்லுவது சூசைப்பிள்ளை அண்ணையையும் சேர்த்து. குருநகர்க்காரர். டிரான்ஸ்போமருக்குக் கம்பி சுற்றுவது அவர் வேலை. நான் செய்கிற எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் சொல்லுவது அவர் சேவை.

பட்டமளிப்பு விழா

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. முன்மண்டையில் மயிர் விடைபெறத் தொடங்கியிருந்தது. நெல்லியடியில் இருந்த அம்மா பதறிப்போய் என்னுடைய சாதகக் குறிப்பைக் கலியாணத் தரகர் பொன்னையாவிடம் கொடுத்துவிட்டார். எங்கள் பகுதியில் மாப்பிள்ளை என்றால் டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன் என்று ஒரு வரிசை உண்டு. ரேடியோ திருத்துகிறவன் அந்த வரிசையின் வாலைக்கூடத் தூர நின்றுதான் பார்க்கலாம்.

அப்படியிருக்க, ஒரு நாள் தரகர் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்து ஒரு படத்தை நீட்டினார். உரும்பிராய்ப் பெண், பெயர் புவனேஸ்வரி, தட்டெழுத்துப் படித்துவிட்டு ஒரு கந்தோரில் வேலை. படம் பிடித்தவர் ஏதோ பகிடியாகச் சொல்லியிருக்க வேண்டும். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தாள். சுற்றி வளைப்பானேன், எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. “சரி, என்னைப்பற்றி அங்கே என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டேன். கொம்பியூட்டர் எஞ்சினியர் என்று சொல்லியிருக்கிறாராம். கொம்பியூட்டரை நான் படத்தில் பார்த்ததோடு சரி. உடனே போய் மாற்றிச் சொல்லும்படி சத்தம் போட்டேன். மனிதர் கொஞ்சமும் அசையவில்லை.

“தம்பி, நான் பொய் சொல்லேல்லை. வரப்போறதைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னனான்.”

வெங்காயச் சாக்கு

அடுத்த வாரமே பெண்ணின் தகப்பன் வைத்திலிங்கத்தார் வந்து இறங்கினார். சைக்கிள் கரியரில் ஒரு வெங்காயச் சாக்கு. வெங்காயம் கொண்டுவந்து தருகிறாராக்கும் என்று நான் மகிழ்ந்துபோனேன். சாக்குக்குள்ளிருந்து வெளியே வந்தது ஒரு கொம்பியூட்டர். அந்தக் காலத்துச் சின்னக் கொம்பியூட்டர். தட்டெழுத்துப் பொறியை மிதித்துத் தட்டையாக்கியது போலிருக்கும், ரப்பர் பொத்தான்கள். ஜேர்மனியில் இருந்த மகன் ரவி, கொழும்புக்கு வந்த யாரிடமோ கொடுத்துவிட்டிருந்தான். கூடவே இரண்டு கசற். அவற்றில்தான் விளையாட்டுகள் இருக்கின்றனவாம்.

முதல் வேலையாக நான் உண்மையைச் சொன்னேன். “ஐயா, நான் எஞ்சினியர் இல்லை, ரேடியோ திருத்திறனான். தரகர் கூட்டிச் சொல்லிப்போட்டார்.” அவர் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. “இதுக்கு மிச்சச் சாமானெல்லாம் நீர்தான் பாத்து எடுத்துத் தரவேணும். காசு குறைவாய் இருக்கவேணும், விளையாட்டு ஓடவேணும்” என்றார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். படம் தெரிய ஒரு ரீவி. கசற்றிலிருந்து விளையாட்டை உள்ளே ஏற்ற ஒரு கசற் ரேடியோ. கரன்ற் கொடுக்க அடப்டர். கரன்ற் ஏறி இறங்காமல் பார்க்க ஸ்ரெபிலைசர். விளையாடும்போது பிடித்து ஆட்ட, ஜோய்ஸ்ரிக் என்று ஒரு கைபிடி. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: “புதுசு வேண்டாம், பாவிச்ச சாமானாய்ப் பாரும். பாவிச்சதெண்டால் விலை குறைக்கலாம்.”

கசற்றுகளை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு அவர் போனதும் நான் கொம்பியூட்டரையும் கதவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூசைப்பிள்ளை அண்ணை கம்பி சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

“டேய் தம்பி, மற்ற ஆக்கள் மாப்பிளையின்ரை குறிப்பைப் பாப்பினம். உவர் உன்னைக் கடைக்கு அனுப்பிப் பாக்கிறார். கவனமாய்ச் சாமான் எடு, இல்லாட்டி பொம்பிளை இல்லை.”

நிறம் எதற்கு?

முதலில் ரீவி. கலியாண வீடுகளுக்கும் கோவில் வீதிகளுக்கும் இரவல் போய் விடிய விடியப் படம் காட்டி ஓய்ந்த இரண்டு பெட்டிகள் எங்களுக்குத் தெரிந்த வீடியோக்காரர் ஒருவரிடம் விலைக்குக் கிடந்தன. ஒன்று கலர். மற்றது கறுப்பு வெள்ளை. இடது கன்னத்தில் ஓர் அறை விட்டால்தான் படம் ஓடாமல் நிற்கும்.

வைத்திலிங்கத்தாரை அழைத்துப்போய் இரண்டையும் காட்டினேன். எனக்குக் கலர்ப் பெட்டியில் ஆசை. புவனேஸ்வரி பார்க்கப்போகிற பெட்டியல்லவா? விளையாட்டில் வருகிற ஆள் சிவப்புச் சட்டை போட்டிருப்பான், மரம் பச்சையாக இருக்கும், கறுப்பு வெள்ளையில் ஒன்றும் விளங்காது என்றெல்லாம் அளந்தேன். அந்த விளையாட்டை நான் கண்டதில்லை என்பது வேறு கதை. அவர் பொறுமையாகக் கேட்டார். “விளையாட்டிலை என்ன நடக்கும்?” என்றார். “ஆள் ஓடவேணும், பாயவேணும், பிழைவிட்டால் பள்ளத்துக்குள்ளை விழுந்து செத்துப்போவான்” என்றேன். கறுப்பு வெள்ளைப் பெட்டியின் கன்னத்தில் அவரே ஓர் அறை விட்டுப் பார்த்து, திருப்திப்பட்டார்.

“கலரிலை செத்தாலும் சாவுதானே, தம்பி. இதைக் கட்டும்.”

ஆனையிறவில் ஒரு கைபிடி

அடப்டரும் ஜோய்ஸ்ரிக்கும் யாழ்ப்பாணத்தில் எங்குமே இல்லை. கொழும்புக்குப் போய்ப் பழைய சாமான் விற்கிற தெருவொன்றில் அலைந்து, இரண்டையும் பாவிச்சதாகவே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆனையிறவு இராணுவச் சோதனையில் வழக்கம்போல எல்லோரையும் இறக்கிச் சாமான்களைக் கிளறினார்கள். என் பையிலிருந்து ஒரு சிப்பாய் ஜோய்ஸ்ரிக்கை வெளியே எடுத்தான்.

அதை நீங்கள் அந்த இடத்தில், அந்தக் காலத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். கறுப்பாக ஒரு தடி, அதன் தலையில் சிவப்பாக ஒரு பொத்தான், அடியிலிருந்து நீளமாக ஒரு வயர். பக்கத்தில் நின்ற பயணிகள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, முன்பின் தெரியாதவர்கள் ஆனார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன் என்னுடைய வாழைப்பழத்தைச் சாப்பிட்டவரும் அதில் அடக்கம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளையாட்டு என்று சொன்னேன். துவக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனிடம் விளையாட்டு என்று சொன்னால் எப்படி எடுப்பான்? பயந்தேன், நன்றாகவே பயந்தேன். அவன் எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னான், தானும் தள்ளிப் போனான், பொத்தானை என்னையே அமத்தச் சொன்னான். அது வெறும் விளையாட்டுச் சாமான் என்று அந்த வெளியில் நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் அமத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொருமுறை அமத்தச் சொன்னான். பிறகு வந்து தானும் அமத்திப் பார்த்தான், இடமும் வலமும் ஆட்டினான், சிரித்தான், என் பையிலேயே திரும்பப் போட்டான். பஸ் திரும்பப் புறப்பட்டுப் பளையைத் தாண்டியது. டிக்கற் சரிபார்க்க வந்த கொண்டக்டர் என் காதருகே குனிந்தார்.

“அண்ணை, அடுத்தமுறை உந்தச் சாமான் இல்லாமல் வாங்கோ. இல்லாட்டி என்ரை பஸ் இல்லாமல் வாங்கோ.”

அழிந்த கசற்

கசற் ரேடியோ மட்டும் சிக்கலில்லை. வைத்திலிங்கத்தார் வீட்டில் ஒன்று இருந்தது. அதையும் கசற்றுகளையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். இணைத்துப் பார்த்தோம். இந்த விளையாட்டுக் கசற்றுகளில் பாட்டோ பேச்சோ இராது. கீச்சென்று ஓர் இரைச்சல்தான். அந்த இரைச்சலைக் கேட்டுத்தான் கொம்பியூட்டர் விளையாட்டைப் புரிந்துகொள்ளும். ஐந்தாறு நிமிடம் இடையில் குழப்பாமல் கேட்கவேண்டும், குழம்பினால் முதலிலிருந்து.

முதல் கசற்றைப் போட்டேன். இரைச்சல் வரவில்லை. கம்பீரமான ஒரு குரல் வந்தது. ரேடியோவில் வாசிக்கிற மரண அறிவித்தல்! இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனருமாகிய ஒருவர் காலமாகி, உற்றார் உறவினர் அனைவருக்கும் அறிவிக்கப்பட்டுக்கொண்டிருந்தார். கொம்பியூட்டர் ஒன்றும் விளங்காமல் விழித்துக்கொண்டிருந்தது. விசாரித்ததில், காலமானவர் வைத்திலிங்கத்தாரின் மைத்துனர். அறிவித்தலை மகனுக்கு அனுப்பவென்று பதிந்திருக்கிறார். அதற்குப் புதுக் கசற் வாங்குவது வீண்செலவல்லவா? இரண்டு விளையாட்டில் ஒன்று போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு கசற், என் கலியாணமும் அதற்குள்ளேதான். எனக்கு அழுகை வரும் போலிருந்தது. அவருக்கோ தன் பக்கத்தில் ஒரு பிழையும் தெரியவில்லை.

“வெறும் இரைச்சல், தம்பி. ஆரும் மனிசர் கதைச்சிருந்தால் நான் அழிச்சிருப்பனே?”

வேண்டாத சாமான்

ஸ்ரெபிலைசர் விஷயத்திலும் நான் தோற்றேன். சூசைப்பிள்ளை அண்ணை தன் கையாலேயே சுற்றித் தருவதாகச் சொன்னார், அதுவும் பழைய கம்பியில். வைத்திலிங்கத்தார் அதையும் வேண்டாம் என்றார். தன் வீட்டுக் கரன்ற் தங்கமான கரன்ற், ஏறவும் இறங்கவும் மாட்டாது என்பது அவர் கட்சி. கொம்பியூட்டருக்கு ஒரு கணம் கரன்ற் இறங்கினாலும் ஏற்றிய விளையாட்டெல்லாம் மறந்துபோகும் என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். பலிக்கவில்லை. அண்ணைக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

“கொண்டுபோய்ப் பூட்டு, தம்பி. கரன்ற் அவரின்ரை சொல்லைக் கேக்குதோ, என்ரை சொல்லைக் கேக்குதோ பாப்பம்.”

நல்ல நேரம்

பூட்டுவதற்கு நாள் பார்த்தார்கள். தரகர் பொன்னையா பஞ்சாங்கத்தோடு வந்திருந்தார். உரும்பிராயில் அந்த வீட்டு விறாந்தையில் ரீவிக்குச் சந்தனப் பொட்டு, கொம்பியூட்டருக்குக் குங்குமப் பொட்டு, ஜோய்ஸ்ரிக்குக்கு ஒரு செவ்வரத்தம்பூ. பயத்தம் பணியாரத் தட்டோடு வந்த புவனேஸ்வரியின் தாயார் என்னுடைய முன்மண்டையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

உடனே ஒரு பெரிய விவாதம் தொடங்கியது. நல்ல நேரம் என்பது சுவிச்சைப் போடுகிற நேரமா, விளையாட்டு ரீவியில் தெரிகிற நேரமா? இடையில் ஐந்தாறு நிமிடம் இருக்கிறதே. தரகர் தீர்ப்புச் சொன்னார்: “பிள்ளை பிறக்கிற நேரத்துக்குத்தான் குறிப்பு எழுதிறது. ஆசுப்பத்திரிக்குப் போன நேரத்துக்கு இல்லை.” ஆகவே முந்தியே சுவிச்சைப் போட்டோம். புவனேஸ்வரி வந்து கொம்பியூட்டரின் முன்னால் அமர்ந்தாள். நாங்கள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுகிற அந்த ரப்பர் பொத்தான்களில், கட்டளையை அவள் பார்க்காமலே தட்டினாள். கசற் கீச்சிட்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். பாதியில் விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. கொம்பியூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டது.

மறுபடி ஏற்றினோம். மறுபடி மங்கியது. வளவின் பின்பக்கத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டர் இயங்குகிற சத்தம் கேட்டது. கதை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தோட்டத்துக் கிணறு பங்குக் கிணறு. மற்றப் பங்காளி வைத்திலிங்கத்தாரின் ஒன்றுவிட்ட தமையன் கதிர்காமர். அன்று இறைப்பு முறை அவருடையது. முன்னொருகால் முறை தவறி இறைத்ததில் இருவருக்கும் கதை பேச்சில்லை. மோட்டர் பழையது, நின்று நின்று இயங்கும், இயங்கும்போதெல்லாம் கரன்றைக் குடிக்கும். “கொஞ்சம் நிற்பாட்டச் சொல்லி ஒருக்கால் கேட்டால் என்ன?” என்றேன். வைத்திலிங்கத்தார் வேட்டியை இறுக்கிக் கட்டினார். “கொம்பியூட்டர் ஓடாட்டில் ஓடாமல் கிடக்கட்டும்.” தரகர் பஞ்சாங்கத்தைப் பார்த்து, ராகுகாலம் வருகிறது என்று மெல்லச் சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் விளையாட்டும் வேண்டாம், கொம்பியூட்டரும் வேண்டாம். நான் வேண்டியது என் முன்னால் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் இருந்தது, அதுவும் கைவிட்டுப் போகப்போகிறது.

அவள் எழுந்து வேலிப் பக்கம் போனாள். “பெரியையா, ரவி அண்ணா ஜேர்மனியிலை இருந்து விளையாடிற விளையாட்டு வந்திருக்கு. பாக்க வாறியளோ?” மோட்டர்ச் சத்தம் நின்றது. முழங்கால்வரை சேற்றோடு கதிர்காமர் வந்து, விறாந்தையில் ஏறாமல், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரவி சின்னவனாக இருக்கும்போது பாதிநாள் அவர் வீட்டில்தான் சாப்பிடுவானாம். தம்பியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. கசற் முழுவதும் ஓடி முடிந்தது. நான் ரீவியின் இடது கன்னத்தில் ஓர் அறை விட்டேன். கறுப்பு வெள்ளையில் ஒரு குட்டி மனிதன் வந்து நின்றான். தரகர் பஞ்சாங்கத்தை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

முதல் ஆட்டம் வைத்திலிங்கத்தாருக்கு. குட்டி மனிதன் நேரே போய்ப் பள்ளத்துக்குள் விழுந்தான். மறுபடி, அதே பள்ளம். தூணடியிலிருந்து கதிர்காமர் யாருக்கோ சொல்லுவதுபோலச் சொன்னார்: “விளிம்பிலை நிண்டு பாயச் சொல்லு, பிள்ளை.” “தெரிஞ்சவையை வந்து பாயச் சொல்லு” என்றார் இவர். கதிர்காமர் கால் கழுவிக்கொண்டு ஏறி, கைபிடியை வாங்கி, அவரும் அதே பள்ளத்தில் விழுந்தார். சிரிப்பை அடக்கவென்று புவனேஸ்வரி தலையைக் குனிந்தாள், படத்தில் கண்ட அதே முகம். வைத்திலிங்கத்தார் சிரிக்கவில்லை. ரீவியையே பார்த்துக்கொண்டிருந்தவர், “அங்கை அவனும் இந்தப் பள்ளத்துக்குள்ளைதான் விழுவான், என்ன?” என்றார். தமையன் அவருடைய தோளில் கையை வைத்தார். காசைக் காசாகப் பார்க்கிற மனிதன் ஏன் இத்தனை பாடுபட்டார் என்று அப்போதுதான் விளங்கியது. பிள்ளை தூரதேசத்து அறையொன்றில் தனியே இருந்து பார்க்கிறதைத் தானும் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

பிறகு இரண்டு பேரும் கைபிடிக்கு இழுபறிப்பட்டார்கள். பொழுது சாயும்வரை தோட்டம் தண்ணீரில்லாமல் காய்ந்தது. கடைசியில் கதிர்காமர் என்னைப் பார்த்து முறையிட்டார்.

“தம்பி, கிணத்துக்கு வைச்சதுபோலை உதுக்கும் ஒரு முறை வைச்சுவிடும். உவன் சின்னனிலை இருந்தே தன்ரை நேரம் முடிஞ்சாலும் விடான்.”

கடைசிச் சாமான்

புறப்பட்டேன். வைத்திலிங்கத்தார் வாசல் படலைவரை வந்தார். பின்னால், நான் மறந்துவிட்டு வந்த, வயர் பிடிக்கிற குறடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு புவனேஸ்வரி. படலையில் அவர் நின்றார். “எஞ்சினியர் இல்லையெண்டு முதல் நாளே சொல்லிப்போட்டீர். எனக்கு அது காணும்” என்றார். பிறகு, “எல்லாச் சாமானுக்கும் விலை சொன்னனீர். உம்மடை விலையை இன்னும் சொல்லேல்லை” என்றார். சீதனத்தைத்தான் கேட்கிறார். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லத்தான் திறந்தேன், அதற்குள் புவனேஸ்வரி முந்திவிட்டாள். அவள் அந்தக் குறட்டை என் கையில் வைத்தாள், என்னுடைய முன்மண்டையை ஆறுதலாகப் பார்த்தாள், தகப்பனிடம் திரும்பினாள்.

“ஐயா, விலை குறைச்சுக் கேளுங்கோ. இதுவும் பாவிச்ச சாமான் போலைதான் கிடக்கு.”

ஸ்ரெபிலைசர் இல்லாமல் அந்தக் கொம்பியூட்டர் அதிக நாள் நிலைக்கவில்லை, ரீவியும் வாங்கிய அறைகள் போதும் என்று ஒருநாள் கண்ணை மூடிவிட்டது, ஆனால் உத்தரவாதம் எதுவுமில்லாமல் அந்த வீட்டார் எடுத்த சாமான்களில் இன்றுவரை திருத்தித் திருத்தி ஓட்டப்படுவது நான் ஒருவன்தான்.